கேக்குக்கு ஆரஞ்சுத் தோல் துருவல்: பொடி வாங்க வேண்டாம், பழம் வாங்குங்கள்

கேள்வி: வீட்டில் கேக் செய்து விற்கிறேன். கிறிஸ்துமஸுக்கு 50 கிலோ பிளம் கேக் ஆர்டர் வந்திருக்கிறது. ஆரஞ்சுத் தோல் துருவல் எவ்வளவு வேண்டும்? முன்கூட்டியே செய்து வைக்கலாமா? தெரிந்த ஏஜென்ட் ஒருவர் ஜூஸ் கடைத் தோலைக் காயவைத்துப் பொடியாகவே தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? – வாசகி, நாகர்கோவில்.

பதில்: வாங்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஜூஸ் கடையில் தோலை யாரும் சாப்பிடப் போவதில்லை என்று பழத்தைக் கழுவுவதில்லை. தோல் கூடையில் கிடந்து ஈ மொய்க்கும். மணம் இருப்பது மேலே உள்ள ஆரஞ்சு நிறப் படலத்தின் எண்ணெய்ப் பைகளில். அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதி கசப்பு. எடை நிற்க வேண்டுமே என்று ஏஜென்ட் இரண்டையும் சேர்த்துத்தான் அரைப்பார். வெயிலில் எண்ணெய் பறந்துவிடும், கசப்பு அப்படியே இருக்கும். மங்கிய பொடிக்குச் சாயம் கலப்பவர்களும் உண்டு. ஒரு சிட்டிகையைக் குளிர்ந்த தண்ணீரில் தூவிப் பாருங்கள். உடனே நிறம் கோடு கோடாக இறங்கினால் சந்தேகப்படுங்கள். தோலின் சொந்த ஆரஞ்சு நிறம் எண்ணெயில் கரையும், தண்ணீரில் அப்படி இறங்காது.

கிலோ கேக்குக்கு ஒரு பழத்தின் துருவல் போதும், சுமார் 6 முதல் 8 கிராம். ஐம்பது பழத்துக்கு மேல் ஐந்தாறு சேர்த்து வாங்குங்கள். கமலா வேண்டாம், தோல் தளர்ந்து துருவியில் பிடி கிடைக்காது. தோல் இறுகிய பழமாகப் பாருங்கள்.

பளபளக்கும் இறக்குமதிப் பழத்தில் மெழுகு இருக்கும், பூஞ்சைக்கொல்லியும் இருக்கலாம். வெந்நீரில் பிரஷ் போட்டுத் தேய்த்தால் மெழுகு பெரும்பாலும் போகும். தோலுக்குள் இறங்கிய மருந்து சமையல் சோடாவுக்கும் அசையாது. மெழுகு பூசிய பழம் என்று லேபிளில் போட வேண்டும் என விதி இருக்கிறது. ஆனால் லேபிள் ஒட்டிய பெட்டி குடோனோடு நின்றுவிடுகிறது. தள்ளுவண்டியில் உதிரியாக வாங்குபவருக்கு யார் சொல்வது? ஐரோப்பாவில் எலுமிச்சை வலைப்பையிலேயே மருந்தின் பெயரை அச்சிடுகிறார்கள். இங்கே கேட்டால் வியாபாரி முறைக்கிறார்.

தோட்டத்தில் நேரடியாக வாங்கினால் மெழுகுப் பிரச்சினை இல்லை. அங்கேயும் கடைசியாக எப்போது மருந்து அடித்தார்கள், மருந்து டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாட்கள் (மருந்து அடித்தபின் பறிக்கும்வரை விட வேண்டிய இடைவெளி) கழிந்தனவா என்று கேளுங்கள். பறித்தவரிடம் கேட்க வேண்டும். "தோட்டத்துப் பழம்தான்" என்று சொல்லும் கமிஷன்காரர் பேச்சு கணக்கில் சேராது. உங்கள் வீட்டு மரம் என்றால் இந்தக் கேள்வியே வேண்டாம், கழுவித் துடைத்தால் போதும்.

முழுப் பழமாக இருக்கும்போதே துருவுங்கள். பிழிந்தபின் தோல் துவண்டுவிடும். ஒரே இடத்தில் இரண்டு முறை இழுக்காதீர்கள். வெள்ளை தெரிந்தால் பழத்தைத் திருப்புங்கள். துருவியதும் கேக்குக்கான சர்க்கரையில் கொஞ்சம் எடுத்து விரலால் கசக்குங்கள். சர்க்கரை ஈரமணல் போலாகி ஆரஞ்சு நிறம் ஏறும்; எண்ணெய் அதில் தங்கிவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு ஈடுக்கும் எடை போட்டு, தட்டையான பையில் காற்றை வெளியேற்றி ஃப்ரீசரில் வையுங்கள். ஓரிரு மாதம் மணம் நிற்கும். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் சில நாளில் பூசணம் வரும்.

துருவிய பழம் சீக்கிரம் கெடும். அன்றைக்கே பிழிந்து, உலர் பழங்களை ஊறவைக்க அந்தச் சாற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.