சரியான பாஸ்வேர்டு போட்டும் லாகின் ஆகவில்லையா? டேபிளைப் பாருங்கள்

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டு டியூஷன் நிலையத்துக்கு நீங்கள் பிஎச்பியில் எழுதும் பக்கத்தில் பதிவு ஒழுங்காக நடக்கிறது, லாகின் மட்டும் எப்போதும் ‘பாஸ்வேர்டு தவறு’ என்கிறது. அதுதானே பிரச்சினை? நீங்கள் காட்டிய புரோகிராம் கோடு சரிதான். கோளாறு டேட்டாபேஸ் டேபிளில் இருக்கிறது. பாஸ்வேர்டு ஃபீல்டுக்கு 50 எழுத்துதான் இடம் விட்டிருக்கிறீர்கள். ஆனால் அங்கே பாஸ்வேர்டுக்குப் பதிலாகச் சேமிக்கப்படும் அதன் மாற்று வடிவம், அதாவது பிகிரிப்ட் ஹேஷ், எப்போதும் 60 எழுத்து. உங்கள் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல், இடம் போதாதபோது பிழை காட்டும் ஸ்ட்ரிக்ட் மோடில் இல்லையென்றால் கடைசிப் பத்தையும் பிழை காட்டாமல் வெட்டிவிடும். டேபிளில் ஏதாவது ஒரு பெற்றோரின் ஹேஷைத் திறந்து எண்ணிப் பாருங்கள், 50இல் நின்றிருக்கும்.

ஃபீல்டை 255 ஆக்குங்கள். ஏற்கெனவே பதிந்தவர்களின் ஹேஷ் திரும்பி வராது. அவர்கள் புது பாஸ்வேர்டு வைக்க வேண்டியதுதான்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. முதல் பாஸ்வேர்டாக ஐசி (அடையாள அட்டை) நம்பரின் கடைசி நாலு எழுத்தோடு பிறந்த தேதியைச் சேர்த்துக் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். ஐசி நம்பரை முழுதாகவோ பாதியாகவோ பாஸ்வேர்டாக்கக் கூடாது என்று சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையமே 2025இல் அறிவுறுத்தியிருக்கிறது. பிறந்த தேதியைச் சேர்த்தாலும் அதே கதைதான். பெற்றோரின் மின்னஞ்சலுக்கு ஒருமுறை மட்டும் வேலை செய்யும் லிங்க் அனுப்புங்கள், பாஸ்வேர்டை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

கடைசியாக, லாகின் ஆனதும் செஷன் ஐடியை (உள்ளே வந்தவரைத் தளம் அடையாளம் காணும் குறியீடு) மாற்றுகிறீர்களா? கோடில் அந்த வரி மட்டும் காணோம்.