முதியோர் இல்லத்தில் ஒவ்வொருவருக்கும் ஏற்ற பொழுதுபோக்கை எப்படித் திட்டமிடுவது?

எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து ஒரே டிவி, ஒரே பஜனை என்றால் பலர் தூங்கிவிடுவார்கள். முதலில் குடும்பத்தாரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: என்ன வேலை பார்த்தார், காலையில் எழுந்ததும் என்ன செய்வார், எது அறவே பிடிக்காது. கடைசிக் கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

மறதி நோய் உள்ளவர்களுக்குப் புது விளையாட்டைவிடக் கை பழகிய வேலையே பொருந்தும். பூக்கட்டிப் பழகிய அம்மாவுக்கு விரல் மரத்திருந்தால் மல்லிகை மொட்டு நழுவும். சம்பங்கியும் தடித்த நூலும் கொடுங்கள். கண் மங்கலா? அடர்நிறத் துணி விரித்து அதன்மேல் பூவை வையுங்கள். அரளி மட்டும் கூடவே கூடாது, அது நஞ்சு. கையில் கிடைத்ததை வாயில் போடுபவருக்குப் பயறு, பொத்தான் பிரிக்கும் வேலையும் ஆபத்து, புரையேறும். துண்டு மடிக்கக் கொடுக்கலாம்.

பாட்டு என்றால் அவருடைய 15 முதல் 25 வயதுக் காலத்துப் பாட்டு. 1943இல் பிறந்தவருக்கு 1958–68. போடுமுன் காது கருவியின் பேட்டரியைப் பாருங்கள்.

காலை பத்து மணிவாக்கில் 20 நிமிடம் போதும். மாலையில் பலருக்குக் குழப்பம் கூடும். மறுத்தால் வற்புறுத்தாமல், வேறு நேரத்தில் இன்னொரு முறை கேளுங்கள். அப்போதும் வேண்டாமென்றால் வேலையை மாற்றுங்கள்.