புது பிரேக் சூ போட்டும் பெடல் இறங்குகிறதா? அஜஸ்டரைப் பாருங்கள்

நிலாவெளியில் ஓடும் பழைய கொரோலாவுக்குப் பின் சக்கரங்களின் பிரேக் ட்ரம் இரண்டிலும், ட்ரம்மின் உட்புறத்தை அழுத்தி வண்டியை நிறுத்தும் சூவைப் புதிதாகப் போட்டீர்கள். ஒரு கிழமைக்குள் பெடல் கீழே இறங்குகிறது, பிரேக் ஆயில் ஒழுக்கும் இல்லை என்கிறீர்கள்.

முதலில் ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு பெடலை மிதியுங்கள். பெடல் மேலேயே நின்றால் சூவுக்கும் ட்ரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது. எனக்குச் சந்தேகம், அந்த இடைவெளியைச் சரிசெய்யும் மரைத் தண்டான அஜஸ்டரில்தான். இடது, வலது அஜஸ்டர்களின் மரை எதிரெதிர்த் திசையில் வெட்டப்பட்டிருக்கும். பக்கம் மாற்றிப் போட்டால், அதன் பல்லுச் சக்கரம் ஒவ்வொரு முறை நகரும்போதும் சூ வெளியே வராமல் உள்ளே போகும். உங்களுக்கு நடப்பது அதேதான் போலிருக்கிறது. இனிமேல் ஒரு பக்கம் முழுதும் பூட்டி முடித்த பிறகே மற்றப் பக்கத்தைக் கழற்றுங்கள். பார்த்துப் பூட்ட ஒன்று எப்போதும் இருக்க வேண்டும்.

திறந்த கையோடு, சூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை மெல்ல நிமிண்டிப் பாருங்கள். உள்ளே ஈரமென்றால் சீல் போய்விட்டது, வெளியே சொட்டாவிட்டாலும். நம்முடைய உப்புக்காற்றில் பின்தகட்டில் சூ உரசும் மேடுகள் துருப்பிடித்துப் பள்ளமாகும். உப்புத்தாளால் தேய்த்து, சூடு தாங்கும் கிரீஸ் துளி தடவுங்கள். சூவில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனரில் மட்டும் படக்கூடாது.

தூசியைக் காற்றடித்து ஊதவே வேண்டாம். பழைய லைனரில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

அப்புறம், கோணேசர் கோயில் ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக்கில் நிறுத்திப் பார்க்கலாம். பின்னால் வண்டி இல்லாத நேரமாகப் போங்கள்.