குளூட்டன் இல்லாத பிஸ்கட்டும் பிஸ்கட்தான்!

கேள்வி: என் 9 வயது மகளுக்குப் போன வருடம் சீலியாக் நோய் (கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைப் பாதிக்கிற நோய்) உறுதியானது. அன்றிலிருந்து குளூட்டன் இல்லாத உணவுதான். எலும்பும் தோலுமாக இருந்தவள் நன்றாகத் தேறினாள், சந்தோஷப்பட்டோம். இப்போது எடை அளவுக்கு மேல் ஏறிக்கொண்டே போகிறது, மலச்சிக்கல் வேறு. எல்லாமே 'குளூட்டன் ஃப்ரீ' பார்த்துத்தான் வாங்குகிறேன். எங்கே தப்பு?

பதில்: பாக்கெட்டின் முன்பக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறீர்கள், கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். 'குளூட்டன் ஃப்ரீ' என்றால் பல நாடுகளில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். சர்க்கரை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பதைப் பற்றி அந்த வார்த்தை வாயே திறக்காது. கோதுமை மாவைப் பிசையும்போது இழுத்தால் நீளுகிறதே, அந்தப் பிடிப்பைத் தருவது குளூட்டன். அது இல்லாவிட்டால் பிரெட்டும் கேக்கும் உதிர்ந்துவிடும் என்பதால் தீட்டிய அரிசி மாவு, மரவள்ளி மாவு, சோள ஸ்டார்ச் இவற்றோடு கொழுப்பையும் சர்க்கரையையும் தாராளமாகச் சேர்த்துச் சரிக்கட்டுகிறார்கள். நார்ச்சத்து அதில் பெரும்பாலும் குறைவு. மலச்சிக்கல் வராமல் என்ன செய்யும்?

எடைக்கு இன்னொரு காரணமும் உண்டு. குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சிறுகுடலின் உட்சுவர் சிதைந்து, சாப்பிட்டது சரியாக உடம்பில் சேராமல் இருந்தது. குடல் ஆறிய பிறகு அதே சாப்பாடு முழுதாகச் சேர்கிறது. அதற்காகக் குழந்தையைப் பட்டினி போட்டுவிடாதீர்கள், வளர்கிற வயது. பாக்கெட் தீனியை எப்போதாவது என்று வைத்துக்கொண்டு, தினமும் பழம், வேகவைத்த பயறு, முட்டை, வேர்க்கடலை, தயிர் என்று மாற்றுங்கள். தீட்டாத அரிசி, சோளம், சிறுதானியங்கள் எல்லாமே இயல்பிலேயே குளூட்டன் இல்லாதவை. ஆனால் மாவாக வாங்கினால், கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் அரைத்ததா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வீட்டிலும் சல்லடை, டோஸ்டர், பொரித்த எண்ணெய் எல்லாம் அவளுக்குத் தனியாக இருக்கட்டும். அப்புறம், பிள்ளைகளுக்குப் பாலில் கலக்கிக் கொடுக்கிற மால்ட் பானங்கள். மால்ட் பெரும்பாலும் பார்லியிலிருந்து வருவது, பார்லியிலும் குளூட்டன் உண்டு. 'கோதுமை சேர்க்கவில்லை' என்று போட்டிருந்தாலும் ஏமாற வேண்டாம்.

கேள்வி: இதே நோய் உள்ள என் 12 வயது மகன் விளையாடப் போனால் சீக்கிரம் களைத்துவிடுகிறான். விளையாட்டே வேண்டாம் என்று நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். முதலில் மருத்துவரிடம் சொல்லி ரத்தசோகை இருக்கிறதா என்று பாருங்கள், இரும்புச்சத்து குறைவது இந்த நோயில் சகஜம். வைட்டமின் டி அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். பயறு, கீரையோடு எலுமிச்சை, ஆரஞ்சு மாதிரி ஏதாவது சேர்த்துக் கொடுத்தால் அவற்றிலுள்ள இரும்பு நன்றாகச் சேரும்.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது வியர்க்க ஆட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சீலியாக் பிள்ளைகளுக்கு எலும்பு வலுக் குறைந்திருக்க வாய்ப்பு உண்டு என்பதால் இது இன்னும் முக்கியம். எலும்புக்கு நீச்சலைவிட ஓடுவது, குதிப்பது, கயிறு தாண்டுவதுதான் அதிகம் உதவும். களைப்பு இருக்கும்வரை பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து ஆடட்டும், போகப்போகக் கூட்டிக்கொள்ளலாம். ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வாழைப்பழம் போதும். நண்பர்கள் நீட்டுகிற எனர்ஜி பாருக்கு மட்டும் 'வேண்டாம்' சொல்லப் பழக்குங்கள், அதில் ஓட்ஸும் மால்ட்டும் இருக்கலாம். ஓட்ஸ் தன்னளவில் குளூட்டன் இல்லாததுதான், ஆனால் கோதுமையோடு கலந்து வருவது அதிகம். குளூட்டன் இல்லை என்று சான்று பெற்ற ஓட்ஸைக்கூட மருத்துவரைக் கேட்டபிறகே கொடுங்கள்.

கேள்வி: அக்காவுக்குத்தான் சீலியாக், தம்பி நன்றாகவே இருக்கிறான். ஆரோக்கியம்தானே என்று அவனுக்கும் கோதுமையை நிறுத்திவிடலாமா?

பதில்: இப்போதைக்குக் கூடவே கூடாது! உடன்பிறந்தவர்களுக்கும் இந்த நோய் இருக்கலாம், வெளியே எதுவும் தெரியாமலேயே இருக்கலாம். அதனால் அவனுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். அதற்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் நோய் இருந்தாலும் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். முடிவு வரும்வரை அவன் வழக்கம்போலச் சாப்பிடட்டும்.