அரியர் விழுந்த மகளுக்கு எப்படித் துணை நிற்பது?

கேள்வி: எங்கள் மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். இப்போது கோவையில் பொறியியல் முதலாண்டு படிக்கிறாள். முதல் செமஸ்டரில் கணிதத்திலும் இயற்பியலிலும் அரியர் விழுந்ததிலிருந்து, “என்னால முடியாதும்மா, வீட்டுக்கே வந்துடுறேன்” என்கிறாள். தினமும் போனில் தைரியம் சொல்கிறோம். அரியர் கட்டணம் கட்டுவது, ஆசிரியரைப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் அவள் அப்பாவே போய் வருகிறார். வேறு என்ன செய்ய வேண்டும்?
– ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அம்மா, உங்கள் மகளுக்குத் திறமை குறைந்துவிடவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் தமிழில் கேட்டுப் பழகிய கணக்கைத் திடீரென்று ஆங்கிலத்தில் கேட்டு, ஆங்கிலத்தில் எழுத வேண்டி வந்திருக்கிறது. பள்ளியில் முதல் ஆளாகக் கை தூக்கிய பிள்ளைகள்கூட இந்த இடத்தில் வாயடைத்துப் போவதுண்டு. தோற்றதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அது சரிசெய்யக் கூடியதுதான் என்பதை முதலில் அவளிடம் சொல்லுங்கள்.

‘இது என்னால் ஆகும்’ என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் விளக்கினார். தானே ஒன்றைச் செய்து முடிப்பது, தன்னைப் போன்ற ஒருவர் செய்து முடிப்பதைக் காண்பது, பிறர் தரும் ஊக்கம், உடலும் மனமும் இருக்கும் நிலை என நான்கு ஊற்றுகளை அவர் காட்டினார். அவற்றுள் முதலாவதே வலிமையானது. நீங்கள் மூன்றாவதை மட்டும் நாள்தோறும் கொடுத்து வருகிறீர்கள். முதலாவது கிடைக்க வேண்டிய இடங்களிலோ, பாசத்தால்தான் என்றாலும், அப்பா முந்திக்கொள்கிறார்.

ஆகவே கட்டணப் பணத்தை அவளிடம் கொடுத்து, படிவத்தை அவளே நிரப்பிக் கட்டும்படி விடுங்கள். கணித ஆசிரியரிடம், புரியாத ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு அவளே போகட்டும். தயங்கினால், என்ன கேட்பது என்பதை முந்தைய இரவு போனில் உங்களிடம் ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும். பொறியியல் சேர்க்கையில் 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருப்பதால், அதே வழியில் வந்து அரியரை முடித்த அக்கா ஒருத்தி அவள் விடுதியிலேயே இருக்கக்கூடும். அந்த அக்காவுடன் அரை மணி நேரம் உட்கார்ந்து பழைய வினாத்தாளைப் போட்டுப் பார்ப்பது உங்கள் பத்து நாள் அறிவுரையைவிடப் பயன் தரும்.

போனில் “சாப்பிட்டியா?” என்றதற்கு அடுத்த கேள்வி “படிச்சியா?” என்பதாக இருந்தால், சில நாட்களுக்கு அதை விட்டுவிடுங்கள். என்னிடம் வரும் மாணவர்கள் பலருக்கு, அந்தச் சொல்லைச் சொல்லிக் காட்டும்போதே குரல் இறங்கிவிடுகிறது. அவள் அழுதால் உடனே தேற்ற முனையாமல், முழுவதும் கேளுங்கள்.

தூக்கமின்மை, சாப்பிடாமை, யாரோடும் பேசாமை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்பதுபோல் ஒரு வார்த்தை வந்தாலோ ஒரு நாளும் காத்திருக்காமல் நேரில் போய் உடனிருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416 இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம்.

வீட்டுக்கு வருகிறேன் என்பவளை வராதே என்று சொல்ல வேண்டாம். வார இறுதியில் வந்து தங்கிப் போகட்டும். படிப்பைத் தொடர்வதா என்ற பேச்சை மட்டும், அரியர் தேர்வை ஒருமுறை எழுதிய பிறகு அவளே எடுக்கும்வரை தள்ளிவையுங்கள்.