கேள்வி–பதில்: சராசரிக்குள் யார் யார் இருக்கிறார்கள்?

கேள்வி (கல்லூரி மாணவி ஒருவர்): வருமான ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி குறியீடு 0.40 என்றெல்லாம் செய்திகளில் வருகிறது. அதைக் கையால் போட்டுப் பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். ஐந்தே பேர் உள்ள ஒரு சமூகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாத வருமானம் 10, 20, 30, 40, 100 காசு, மொத்தம் 200. முதலில் குறைந்த வருமானத்தில் தொடங்கி வரிசைப்படுத்துங்கள். இந்தப் படியை விட்டுவிட்டால் விடை முழுக்கத் தப்பாகிவிடும். பிறகு ஒவ்வொருவர் வருமானத்தையும் அவருடைய வரிசை எண்ணால் பெருக்குங்கள்: 10, 40, 90, 160, 500. கூட்டினால் 800. அதை இரட்டித்தால் 1600. ஆட்களின் எண்ணிக்கையை மொத்த வருமானத்தால் பெருக்கினால் 1000. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.6. இதிலிருந்து 6/5, அதாவது 1.2-ஐக் கழியுங்கள் (ஆட்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, அந்த எண்ணிக்கையாலேயே வகுத்தது). மிச்சம் 0.40.

எல்லோருக்கும் ஒரே வருமானம் என்றால் விடை 0. எல்லாம் ஒருவர் கையில் என்றால், ஐந்து பேர் கணக்கில் 0.80 வரும், கோடிக்கணக்கான மக்கள் உள்ள நாட்டில் அது 1-ஐ ஒட்டி வந்துவிடும். வருமானம் எப்படிப் பங்காகியிருக்கிறது என்பதை லாரன்ஸ் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1905-இல் வரைந்து காட்டிய வளைவை, இத்தாலியப் புள்ளியியலாளர் கினி 1912-இல் முன்வைத்த இந்த ஒற்றை எண்ணில் சுருக்கிவிடலாம்.

சுருக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. இன்னொரு சமூகத்தில் வருமானம் 20, 20, 20, 20, 120 என்று இருக்கட்டும். மொத்தம் அதே 200. கணக்குப் போட்டுப் பாருங்கள், அதே 0.40தான் வரும். முதல் சமூகத்தில் கடைசி ஆளுக்கு 10 காசுதான், ஆனால் நடுவில் ஏறிப்போகப் படிகள் இருக்கின்றன. இரண்டாவதில் கடைசி ஆளுக்கு இரட்டிப்பு வருமானம், ஆனால் ஒருவரைத் தவிர யாருக்கும் ஏற வழியே இல்லை. இந்த இரண்டையும் ஒரே எண்ணால் அழைப்பது பெரிய குறை. அதனால் கினியோடு நிறுத்தாதீர்கள். மேல்மட்ட 10 சதவீதத்தினரின் பங்கை அடிமட்ட 40 சதவீதத்தினரின் பங்கால் வகுக்கும் பால்மா விகிதத்தையும் சேர்த்துக் கேளுங்கள். கினி மறைப்பதில் ஒரு பகுதியாவது அங்கே வெளியே வரும்.

கேள்வி (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்): ஒரு நாட்டின் கினி இன்னொரு நாட்டைவிடக் குறைவு என்றால் அங்கே சமத்துவம் அதிகம் என்று எழுதலாமா?

பதில்: இரண்டும் ஒரே பொருளை அளந்தவை என்று உறுதியானால் எழுதலாம். பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. லத்தீன் அமெரிக்க நாடுகள் பெரும்பாலும் வருமானத்தை அளக்கின்றன. இந்தியாவும் பல ஆப்பிரிக்க நாடுகளும் குடும்பச் செலவை அளக்கின்றன. செலவில் இடைவெளி பொதுவாகச் சுருங்கித் தெரியும். 10 காசு சம்பாதிப்பவர் கடன் வாங்கி 15 காசுக்குச் சாப்பிடுகிறார். 100 காசு சம்பாதிப்பவர் 60 செலவழித்து 40 சேமிக்கிறார். பத்து மடங்கு இடைவெளி இங்கே நான்கு மடங்காகிவிட்டது! ஏழையின் கடனும் பணக்காரரின் சேமிப்பும் சேர்ந்து சமத்துவம் போலக் கணக்கில் ஏறிவிடுகின்றன. செலவுக் கினியை வருமானக் கினிக்குப் பக்கத்தில் வைத்துத் தரவரிசை போடுவது தவறு. யார் போட்டாலும் தவறுதான்.

ஆய்வுக்குப் போகிறவர்களுக்குப் பெரும் பணக்காரர் வீட்டுக் கதவு எளிதில் திறப்பதில்லை என்பது அடுத்த ஓட்டை. அதனால்தான் கள ஆய்வோடு வருமான வரித் தரவையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

குடும்பத்தின் அளவையும் கவனியுங்கள். வீட்டின் தேவையை எடைபோடப் பரவலாகப் பயன்படும் ஒரு முறையில் முதல் பெரியவருக்கு 1, 14 வயதும் அதற்கு மேலும் உள்ள மற்றவர்களுக்குத் தலா 0.5, சிறுவர்களுக்குத் தலா 0.3. இரண்டு பெரியவர், இரண்டு சிறுவர் என்றால் 2.1. அந்த வீட்டுக்கு 42 காசு வந்தால், 2.1-ஆல் வகுக்க, அது தனியாக வாழும் ஒருவரின் 20 காசுக்குச் சமம். இந்தக் கணக்கு, வீட்டுக்குள் எல்லோரும் சமமாகப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்று நம்பிக்கொண்டு போடப்படுவது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதைச் சாப்பிடும் பெண் எந்தக் கினியிலும் இல்லை.

கேள்வி (தொழிற்சங்க உறுப்பினர்): எல்லோருக்கும் 10 சதவீத ஊதிய உயர்வு நியாயமானதுதானே?

பதில்: மேலே சொன்ன முதல் ஐவருக்கே கொடுத்துப் பாருங்கள். 10 காசு 11 ஆகும். 100 காசு 110 ஆகும். இடைவெளி 90-இலிருந்து 99-க்குப் போகும், கினி அசையாது. அதே 20 காசுச் செலவை ஆளுக்கு 4 காசு என்று கொடுத்தால் வருமானம் 14, 24, 34, 44, 104. கினி 0.36-க்கு இறங்கும். நிர்வாகத்துக்கு ஒரு காசு கூடுதல் செலவில்லை. பேச்சுவார்த்தைக்குப் போகும்போது இரண்டு பட்டியலையும் எழுதி எடுத்துப் போங்கள்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர்): உலக அளவில் ஏற்றத்தாழ்வு குறைகிறது என்கிறார்கள். கண்ணெதிரே பார்ப்பது வேறாக இருக்கிறதே, ஏன்?

பதில்: இரண்டும் உண்மைதான் ஐயா. நாடுகளுக்கு இடையிலான இடைவெளி வேறு, ஒரு நாட்டுக்குள் உள்ள இடைவெளி வேறு. 1990-களுக்குப் பிறகு முதலாவது குறைந்ததற்குச் சீனாவிலும் இந்தியாவிலும் தனிநபர் வருமானம் வேகமாக உயர்ந்தது முக்கியக் காரணம். அதே காலத்தில் பல நாடுகளுக்குள் மேல்மட்டத்தினரின் பங்கு வளர்ந்தது. மனிதர் தன்னை ஒப்பிட்டுப் பார்ப்பது பக்கத்துத் தெருவோடுதான், உலகச் சராசரியோடு அல்ல.

நாடுகளுக்கு இடையே பணம் நேராக ஏழை வீட்டுக்குப் போய்ச்சேரும் ஒரு வழி, வெளிநாட்டில் உழைப்பவர் வீட்டுக்கு அனுப்புவது. அதற்கான செலவை 2030-க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது 2015-இல் ஐ.நா. ஏற்ற இலக்குகளில் ஒன்று. 6 சதவீதம் பிடித்தால் 200 டாலரில் 12 டாலர் வழியிலேயே போய்விடும். 'கட்டணமே இல்லை' என்ற விளம்பரத்தை நம்பிவிடாதீர்கள். பல இடங்களில் நாணய மாற்று விகிதத்தைக் குறைத்து அதிலேயே எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டில் கையில் எவ்வளவு கிடைக்கும் என்ற ஒரே கேள்வியை எல்லா நிறுவனத்திடமும், ஒரே நாளில் கேட்டு ஒப்பிடுங்கள்.

கேள்வி (சமூகப் பணியாளர்): உதவித்தொகை ஏழைகளுக்கு மட்டும் போக வேண்டும் என்று வருமான வரம்பு வைக்கிறார்கள். அதில் என்ன தவறு?

பதில்: நோக்கத்தில் தவறில்லை, வரம்பு போடும் விதத்தில்தான் கோளாறு. 100 காசு வரை வருமானம் உள்ளவருக்கு 30 காசு உதவி என்று வையுங்கள். 100 சம்பாதிப்பவர் கையில் 130 இருக்கும். ஒரு காசு கூடுதலாகச் சம்பாதித்தால் உதவி நின்று, 101தான் மிஞ்சும். கூடுதல் வேலையை அவர் மறுத்தால் சோம்பேறி என்று பேசுகிறோம். அவர் கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. 100-க்கு மேல் சம்பாதிக்கும் ஒவ்வொரு காசுக்கும் அரைக் காசு மட்டும் உதவியைக் குறைத்தால், 110 சம்பாதிப்பவருக்கு 25 உதவி, ஆக மொத்தம் 135. உதவி 160-இல்தான் தீரும். உழைத்தால் கையில் கூடும்.

அடுத்தது, விடுபட்டவர்கள். தகுதியில்லாதவர் ஒருவர் வாங்கிவிட்டால் அது செய்தியாகும். தகுதியுள்ள ஒருவர் விடுபட்டால் யாருக்கும் தெரிவதில்லை. முகவரிச் சான்று இல்லாத புலம்பெயர் தொழிலாளி, கைரேகை தேய்ந்துபோன முதியவர், கணவர் பெயரிலேயே எல்லா ஆவணமும் இருக்கும் தனித்து வாழும் பெண் — பெரும்பாலும் இவர்கள்தான். திட்ட அறிக்கையில் பயனாளிகள் எத்தனை பேர் என்று பார்த்ததோடு விடாதீர்கள். நிராகரித்த விண்ணப்பங்கள் எத்தனை, என்ன காரணத்தால் என்று எழுத்தில் கேளுங்கள். பிறகு பட்டியலில் இல்லாத பத்து வீடுகளுக்கு நேரில் போய், விண்ணப்பமே போடாதது ஏன் என்று விசாரியுங்கள். அந்த விவரம் எந்த அறிக்கையிலும் இருக்காது.