பீரோவில் தூங்கும் கேமரா

அன்புள்ள அண்ணா,

காட்பாடியில் இருக்கிறேன். கல்யாண வேலை, தோல் கம்பெனிகளுக்குப் படம் என்று பிழைப்பு ஓடுகிறது. ஃபிலிமுக்கு லைக்கா எம்6 ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா, ஒரே ஒரு 35 மி.மீ. லென்ஸ். அது மக்கர் செய்தால் சமாளிக்க இன்னொரு பாடி வேண்டும். பெஸ்ஸா ஆர்2ஏ வாங்கட்டுமா, ஸைஸ் இக்கானா, கடன்பட்டாவது இன்னொரு எம்6-ஆ? எதுவானாலும் பீரோவில் பத்திரமாக வைத்துவிடுவேன். இந்த வேலூர் வெயிலில் ஃபிலிமை வீட்டிலேயே கழுவலாமா?

*

தம்பி,

பழைய நெகடிவ் டப்பா ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் கேமரா யோசனைக்கெல்லாம் பதில் எழுதுகிற ஆள் இல்லை நான்.

கழுவலாம். டெவலப்பர் பாட்டிலை ஐஸ் தண்ணீரில் நிறுத்தி 20 டிகிரிக்கு இறக்குங்கள், போதும். கடன் வேண்டாம். பேட்டரி செத்தால் எம்6-இல் வெளிச்சம் அளக்கும் மீட்டர்தான் போகும், ஷட்டர் ஓடும். நீங்கள் சொன்ன பெஸ்ஸாவும் இக்கானும் பேட்டரி இல்லாவிட்டால் வெறும் கல். துணைக்கு வருகிறவன் நோஞ்சானாக இருக்கலாமா? பெஸ்ஸாவில் ஆர்2எம் தேடுங்கள். முழு மெக்கானிக்கல் ஷட்டர், உங்கள் லென்ஸே மாட்டும்.

சரி, அந்த பீரோவுக்கு வருவோம். அதைப் படித்ததும் எனக்குக் கோபமே வந்துவிட்டது.

1988. வேலூரும் திருவண்ணாமலையும் ஒரே வட ஆற்காடாக இருந்த காலம். பெரியப்பாவுக்குக் குடியாத்தத்தில் ஸ்டுடியோ, நான் ஃப்ளாஷ் தூக்கும் பையன். வைகாசி முதல் நாள், கங்கையம்மனின் தலையை ஊர்வலமாகக் கொண்டுவரும் சிரசுத் திருவிழா. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து சிரசு கிளம்பிவிட்டது. தெருவெல்லாம் சூறைத்தேங்காய், கால் வைக்க இடமில்லை. பெரியப்பாவின் கேமரா அந்த நேரம் பார்த்து இறுகிக்கொண்டது. ஓடிப்போய் பீரோவிலிருந்த ரேஞ்ச்ஃபைண்டரை எடுத்து வந்தேன். யாரோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. இரண்டு வருடமாக அதில் ஃபிலிமே போட்டதில்லை.

முப்பத்தாறு படம். கழுவிப் பார்த்தால் எல்லாவற்றிலும் அம்மன் முகம் மங்கல். பின்னால் தேங்காய் ஓங்கிய ஒருவர் கை மட்டும், நகக்கண் அழுக்கு தெரிகிற அளவுக்குத் துல்லியம். பெரியப்பா என்னைத் திட்டவில்லை. அன்று சாப்பிடவும் இல்லை.

இதில்தான் ரேஞ்ச்ஃபைண்டர் ஆளைக் கவிழ்க்கும். எஸ்எல்ஆரில் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம், மங்கினால் கண்ணுக்குத் தெரியும். இதில் தனி ஜன்னல். லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் ஊரெல்லாம் பளிச்சென்று தெரியும். நடுவில் இருக்கும் இரட்டை உருவம் ஒன்றுசேர்வதுதான் ஃபோகஸ் சரி என்பதற்கு ஒரே சாட்சி. உள்ளே இருக்கும் கண்ணாடி ஒரு மயிரிழை நகர்ந்திருந்தால் அந்தச் சாட்சி கூசாமல் பொய் சொல்லும். படம் கழுவும்வரை யாருக்கும் தெரியாது.

ஆகவே எதை வாங்கினாலும் சரி, கோட்டை அகழிக் கரைக்குப் போங்கள். லென்ஸை முடிவிலியில் வைத்து எதிரே மலை உச்சியைப் பாருங்கள். இரண்டு உச்சி தெரிந்தால் மெக்கானிக்கிடம் போகவேண்டும். அப்புறம் ஒரு மீட்டர் தூரத்தில் செய்தித்தாளைச் சாய்த்து வைத்து, லென்ஸ் துவாரத்தை முழுக்கத் திறந்து ஒரு படம். எந்த வரியில் ஃபோகஸ் வைத்தீர்களோ அதே வரி துல்லியமாக விழவேண்டும். மாதம் ஒரு ரோலாவது அதில் ஓடட்டும். பீரோவில் பட்டுப்புடவை இருக்கட்டும் தம்பி, கேமரா எதற்கு?

வைகாசிக்குக் குடியாத்தம் வருவீர்கள்தானே? எம்6-ஐ வீட்டில் வைத்துவிட்டு மற்றதை மட்டும் எடுத்து வாருங்கள்.